பாதி இலை ரத்தினவேல்

திருச்சியில் யாரிடமாவது வழி கேட்டால் கையை நீட்டி, நேராகப் போய் இடதுகைப் பக்கம் திரும்பச் சொல்வார்கள். ரத்தினவேலிடம் கேட்டால் அவரும் கூடவே வந்துவிடுவார். ஒருமுறை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உறையூருக்கு வழி கேட்ட வெளியூர்க்காரர் ஒருவரை உறையூரிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அங்கிருந்து ஆட்டோ பிடித்துத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பினார். அந்த மனிதர் நன்றிகூடச் சொல்லவில்லை. இந்த ஆள் எதற்காக விடாமல் வருகிறான் என்ற பயத்தில் பர்ஸை இறுக்கிப் பிடித்தபடி வேகவேகமாக நடந்திருக்கிறார். ரத்தினவேலோ, பாவம், ஏதோ அவசரம் போல என்று தானும் ஓட்டமும் நடையுமாகப் பின்னாலேயே போயிருக்கிறார்.

இதுதான் அவருடைய சுபாவம். எதிராளி தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு வராது. டாக்டரிடம் போனால், எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்பதற்குள் என்ன மாத்திரை எழுதலாம் என்பதுவரை எடுத்துக் கொடுத்துவிடுவார். மகள் யாழினி பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதெல்லாம் வீட்டுப்பாடத்தில் மட்டும்தான். பரீட்சை ஹாலுக்குள் அப்பாவை விடமாட்டார்கள் அல்லவா? இப்படிப்பட்ட மனிதரைப் பிடித்து, எதிரில் ஆள் திணறும்போது வாயை மூடிக்கொண்டு பார்ப்பதுதான் உன் வேலை என்று உட்கார வைத்தார்கள். வைத்தவர்களைச் சொல்லவேண்டும்.

வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில். ஆபீஸ் தில்லைநகரில். பாலிடெக்னிக் முடித்த கையோடு, பஸ் கண்டக்டர்களின் டிக்கெட் மெஷினைக் கழற்றி மாட்டும் வேலையில் சேர்ந்தார். முதலாளி முருகானந்தம் அதற்கு முன் டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். பஸ் ஓட்டுவதைவிட பஸ்காரர்களுக்கு மெஷின் விற்பது மேல் என்று கண்டுகொண்டு கம்பெனி தொடங்கினார். மெஷினுக்குப் பின்னால் ஓடும் சாஃப்ட்வேருக்குத் தாயும் தகப்பனும் ரத்தினவேல்தான். கண்டக்டர் டிக்கெட் கிழித்த மறுநொடி அந்தக் கணக்கு தில்லைநகரில் இருக்கும் சர்வருக்கு வந்து சேரும். எந்த பஸ்ஸில் எத்தனை பேர் என்று திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படி ஒன்று இந்த வட்டாரத்தில் யாரிடமும் கிடையாது என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமைதான் அவரைப் போட்டுப் பாடாய்ப் படுத்தியது.

எப்படியென்றால், கூட்டம் நெரிந்தால் செல்போன் டவர் திணறும். தான் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாத மெஷின், அதே டிக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பும். எல்லா பஸ்ஸிலும் எல்லா மெஷினும் இப்படி ஒரே நேரத்தில் நச்சரித்தால் சர்வர் என்ன செய்யும்? மூச்சு முட்டி நின்றுவிடும். ஒரு வைகுண்ட ஏகாதசியன்று, சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போன ஒரே ஒரு டவுன் பஸ்ஸுக்குள் திருச்சி ஜனத்தொகையைவிட அதிகம் பேர் ஏறியிருப்பதாகத் திரை காட்டியது. நின்றுகொண்டு போகிறவர்கள் அதில் சேர்த்தியா இல்லையா என்று முருகானந்தம் நக்கலாகக் கேட்டார்.

ஏகாதசி வருஷத்துக்கு ஒருநாள். முகூர்த்த நாள் அப்படியா? முகூர்த்தம் என்றால் ஊரே பட்டுப்புடவையும் வேட்டியுமாக பஸ்ஸுக்குள் இருக்கும். அதே முகூர்த்தத்துக்கு ரத்தினவேலும் ஏதாவதொரு கல்யாண மண்டபத்துப் பந்தியில் இருப்பார். சாம்பார் ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் வைத்திருக்க மாட்டார், சட்டைப்பையில் போன் சைரன் போல அலறும். "ஆபீஸ்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். செருப்பு குவிந்து கிடக்கும் மூலையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, சர்வரைத் தட்டி எழுப்பி, ஒரே டிக்கெட் பலமுறை வந்ததையெல்லாம் களையெடுத்துவிட்டு வந்து பார்த்தால் இலையை எடுத்துவிட்டு மேஜையில் புதுப்பேப்பர் விரித்திருப்பார்கள்.

பந்தியில் பாதி இலையில் எழுந்திருப்பது சின்னக் குற்றமா? சாப்பாடு போட்டவர் முகத்தில் அடித்த மாதிரி. சொந்தக்காரர்கள் முதலில் வருத்தப்பட்டார்கள், அப்புறம் கோபப்பட்டார்கள், கடைசியில் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பாதி இலை வந்தாச்சா, பாதி இலைக்கு ஓரத்து நாற்காலி கொடுங்கப்பா, எழுந்து ஓட வசதியாக இருக்கும் என்று அவர் காதுபடவே பேசினார்கள். சாம்பாருக்குப் பிறகு பந்தியில் என்னென்ன வரும் என்பது ரத்தினவேலுக்கு வெறும் கேள்விஞானம்தான்.

இதையெல்லாம்கூட அவர் மனைவி ரஞ்சனி பொறுத்துக்கொண்டிருந்தாள். வைகாசியில் நடந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. யாழினிக்கு உப்பிலியபுரத்தில் மாப்பிள்ளை பேசி எல்லாம் ஒத்து வந்து, கைநனைக்கப் போயிருந்தார்கள். சம்பந்தம் பிடித்திருந்தால்தான் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிடுவார்கள். அந்த இலையில் கை நனைந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மாப்பிள்ளையின் அப்பா அன்புச்செல்வன் நெல்லும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. மரியாதையில் இம்மி குறைந்தாலும் முகம் கறுத்துவிடும். அப்பேர்ப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பார் சாதத்தைப் பிசைந்துவிட்டு, ரத்தினவேல் எழுந்து ஓடினார்.

அந்த வீட்டில் டவர் மாடியில்தான் கிடைத்தது. மாடியிலும் தண்ணீர்த் தொட்டியின் மேல்தான் கிடைத்தது. சம்பந்தம் பேச வந்தவர் எச்சில் கையோடு தொட்டிமேல் ஏறி உட்கார்ந்திருப்பதைத் தெருவே நின்று பார்த்தது. பெண் கொடுக்க இஷ்டமில்லை என்றால் வாயால் சொல்லியிருக்கலாமே என்று அன்புச்செல்வன் கேட்டார். பேய்க்கு வாக்கப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும் என்பார்கள். இங்கே பேயே மேலே ஏறிவிட்டது, கீழே நின்று சமாதானம் பேசியதெல்லாம் ரஞ்சனி. பேசிப் பேசி ஆவணியில் கல்யாணத்தை உறுதி செய்துகொண்டுதான் ஊர் திரும்பினாள். ஆனால் கிளம்பும்போது அன்புச்செல்வன் ஒன்று சொன்னார்.

"சம்பந்தி விருந்துல எம்பக்கத்துல உக்காந்து முழுசா சாப்பிடணும். அன்னைக்கும் பாதியில எந்திரிச்சா, அப்புறம் நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்த கெடையாது."

வீட்டு வாசலில் இறங்கியதும் ரஞ்சனி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அன்றைக்கு அவர் எழுந்தால் அந்த இலையில் தான் உட்கார்ந்துகொள்வதாகவும், பெண்ணுக்கு அப்பாவும் இனி தானே என்று சம்பந்தியிடம் சொல்லிவிடுவதாகவும் சொன்னாள். ரத்தினவேலுக்குத் தெரியும், செய்யக்கூடியவள்தான்.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றார். தனக்கு மேலே ஒரு பெரிய ஆள் வேண்டும், சர்வர் விஷயமெல்லாம் கரைத்துக் குடித்த சீனியர் வேண்டும், ஆவணி பிறப்பதற்குள் வேண்டும் என்றார். தனக்கு மேலே ஒருவனைக் கொண்டுவா என்று தானே கேட்ட ஊழியரை முருகானந்தம் அதுவரை பார்த்ததில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

ஆள் எடுப்பதில் முருகானந்தம் ஏற்கெனவே சூடு கண்டவர். முன்பு ஒருவரை நிறையக் கேள்வி கேட்டு எடுத்தார்கள். கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னார். வேலைக்கு வந்த முதல் வாரத்தில் சர்வர் நின்றபோது, "பிரச்சினை கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அதனால் இந்தமுறை வேறு வழி என்று முதலாளி முடிவு செய்திருந்தார். ஏதோ வியாபாரிகள் கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்தது. பெரிய வேலைக்கு வருகிறவர்களிடம் கேள்வித்தாள் நீட்டக்கூடாதாம். நிஜமாக நடக்கிற மாதிரி ஒரு சிக்கலைக் கதையாக எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் எப்படி யோசிக்கிறார் என்று பார்க்க வேண்டுமாம். கேஸ் ஸ்டடி என்று பெயர். அவர் கேட்டால் பதில் சொல்லலாம். கேட்காமல் நாம் வாய் திறக்கக்கூடாது. அதுதான் இதில் முக்கியம்.

ரத்தினவேல் உற்சாகமாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து கேஸ் எழுதினார். அவருக்குத் தெரிந்த சிக்கல் உலகத்திலேயே ஒன்றுதான். அதையே எழுதினார். கம்பெனி ரகசியம் வெளியே போகக்கூடாது என்பதால் ஊர் பெயரை மட்டும் மறைத்தார். "இரண்டு ஆறுகளுக்கு நடுவில் ஒரு தீவு நகரம். அங்கே மிக உயரமான கோபுரத்தோடு ஒரு பெருமாள் கோயில். மார்கழியில் சொர்க்கவாசல் திறக்கும் நாளில்..." என்று போனது அது. படித்தவர்கள் எல்லாரும் ஸ்ரீரங்கம்தானே சார் என்று கேட்டார்கள். இல்லை, கற்பனை என்று அவரும் முகத்தை மாற்றாமல் சொன்னார்.

இந்தச் சிக்கலுக்கு அவர் மனதில் ஒரு விடை இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு பெரிய சர்வரை நிறுத்தவேண்டும், ஒன்று விழுந்தால் மற்றது தாங்கவேண்டும். பல வருஷமாக முதலாளியிடம் கேட்டுக் கிடைக்காத சர்வர் அது.

ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, பதினெட்டாம் பெருக்கைத் தவிர மற்ற நாளில் போனும் அலறாது. அந்த நிம்மதியில் இன்டர்வியூவை வைத்தார்கள். முதலில் வந்தவர் செந்தமிழன். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவர், அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திருவெறும்பூருக்கே திரும்ப நினைத்தவர். போர்டில் கட்டம் கட்டமாக வரைந்தார். கட்டத்துக்குக் கட்டம் அம்பு விட்டார். அம்புகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட இடத்தில் அப்படியே நின்றார். நெற்றி வியர்த்தது. ரத்தினவேலுக்கு அவரைவிட அதிகமாக வியர்த்தது. செந்தமிழன் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ரத்தினவேல் தண்ணீரோடு விடையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

அடுத்து வந்த இம்தியாஸ் கெட்டிக்காரர். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே, எதிரில் இருப்பவர் முகம் ஒரு திறந்த புத்தகம் என்று கண்டுபிடித்துவிட்டார். போர்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு ரத்தினவேலின் முகத்தையே பார்த்துப் பேசினார். டவரை மாற்றலாம் என்றார், முகம் சுருங்கியது. மெஷினை மாற்றலாம் என்றார், இன்னும் சுருங்கியது. சர்வர் என்றார், புருவம் ஏறியது. இன்னொரு சர்வர் என்றார், தலை தஞ்சாவூர் பொம்மைபோல ஆடத் தொடங்கி நிற்கவே இல்லை. பெரிய சர்வர்தானே சார் என்று முடித்தார் இம்தியாஸ். ரத்தினவேல் எழுந்து கை கொடுத்தார்.

மூன்றாவது, அறிவுமதி என்ற பெண். கூச்ச சுபாவம். பேப்பரைப் படித்துவிட்டுக் குனிந்த தலை நிமிராமல் யோசித்துக்கொண்டே இருந்தாள். அந்த மௌனத்தை ரத்தினவேலால் எவ்வளவு நேரம் தாங்கமுடியும்? மார்க்கரைத் தானே எடுத்தார். போர்டில் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை போட்டுக் காட்டினார். அவள் நடுவில் ஒரு சந்தேகம் கேட்டாள், அதையும் விளக்கினார். கடைசியில் அவள், ரொம்ப நன்றாகச் செய்தீர்கள் சார் என்று பாராட்டிவிட்டுப் போனாள். யார் யாரைப் பரீட்சை செய்தார்கள் என்று அந்த அறைக்கு வெளியே நின்றவர்களுக்குக் குழப்பமாகிவிட்டது.

மூன்று பேரைப் பற்றியும் ரத்தினவேல் மிக அருமை, மிக அருமை, மிக மிக அருமை என்று முதலாளியிடம் சொன்னார். மூன்று பேரும் அச்சில் வார்த்தாற்போல ஒரே பதில் சொல்லியிருந்தார்கள். பதிலோ முருகானந்தம் பல வருஷமாகக் கேட்டுச் சலித்த அதே பெரிய சர்வர். அவர் மூக்கு வேர்த்தது. அறிவுமதிக்கு ஒரு போன் போட்டு விசாரித்தார். அவள் வஞ்சனை இல்லாமல், சாரே போட்டுக் காட்டிவிட்டார், அருமையாகச் சொல்லிக் கொடுத்தார் என்று ஒப்பித்துவிட்டாள். ஊருக்கெல்லாம் வழி காட்டுகிறேன் பேர்வழி என்று தன் வீட்டுக்கு வழி அடைத்துக்கொண்ட மனிதரை முருகானந்தம் கூப்பிட்டு வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது. பாக்கி இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

அன்றைக்கு முருகானந்தம் தானும் வந்து உட்கார்ந்துகொண்டார். ரத்தினவேலுக்கு முன்னால் ஒரு தட்டு நிறையக் கடலைமிட்டாய் வைத்தார். பேசவேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், இது உத்தரவு என்றார்.

வந்தவர் பெலிண்டா. பாலக்கரைக்காரர். நாற்பதைத் தாண்டியவர். வெளியூர்க் கம்பெனிகளில் பெரிய பொறுப்புகளில் இருந்துவிட்டு, இனி சொந்த ஊரோடு இருந்துவிடலாம் என்று வந்தவர். பேப்பரை ஒருமுறை படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார். போர்டுப் பக்கமே போகவில்லை. ரத்தினவேல் ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டார். பெலிண்டா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ரத்தினவேல் இரண்டைச் சேர்த்துப் போட்டுக்கொண்டார். அறையில் கடக் முடக் என்று சத்தம் கேட்டது. சாருக்குப் பசியா என்று பெலிண்டா முதலாளியிடம் விசாரித்தார். இல்லை, வைத்தியம் என்றார் முதலாளி.

பிறகு பெலிண்டா கேள்வி கேட்க ஆரம்பித்தார். கேட்டால் பதில் சொல்லலாம் என்பதுதான் விதி, ஆனால் ரத்தினவேலின் வாய் நிறையக் கடலை. அதனால் முருகானந்தமே சொன்னார். சர்வர் நின்றால் டிக்கெட் கிழிப்பது நிற்குமா என்று கேட்டார் பெலிண்டா. நிற்காது, மெஷின் பாட்டுக்கு வேலை செய்யும் என்றார் முதலாளி. கணக்கு தொலைந்துபோகுமா? போகாது, அதுவும் மெஷினிலேயே இருக்கும். ராத்திரி ஷெட்டில் என்ன செய்வார்கள்? கண்டக்டர் மெஷினில் இருக்கும் கணக்கைப் பார்த்துப் பணப்பையை ஒப்படைப்பார், அவ்வளவுதான்.

பெலிண்டா பேப்பரை மேஜைமேல் வைத்தார்.

"அப்ப பஸ் ஓடுற நேரத்துல, எத்தன பேரு ஏறியிருக்காங்கன்னு அந்தத் திரைய யாரு சார் பாக்குறாங்க?"

முருகானந்தம் யோசித்தார். தான் பார்ப்பதில்லை. பஸ் முதலாளிகளா? அவர்களுக்குக் கூட்டம் எப்படி என்று தெரியவேண்டுமானால் டிரைவருக்கு ஒரு போன் அடித்தால் போதும். கண்டக்டருக்குத் தலை சொறிய நேரமில்லை. ஆபீஸ்காரர்களோ முகூர்த்த நாளில் பாதிப்பேர் கல்யாண வீட்டில் இருப்பார்கள். இருந்தாலும் யாராவது பார்ப்பார்களே என்று அவர் தலையைத் திருப்பி ரத்தினவேலைப் பார்த்தார். ரத்தினவேல் கஷ்டப்பட்டு விழுங்கினார். தொண்டையில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் குடித்தார்.

"நான்தாங்க பாப்பேன்" என்றார்.

"வேற?"

"வேற யாரும் இல்ல."

"சரி, சர்வர் நின்னுடுச்சுன்னா உங்களுக்கு யாரு போன் பண்ணிச் சொல்றது?"

ரத்தினவேல் அடுத்த மிட்டாயைக் கையில் எடுத்தார், வைத்துவிட்டார். யாரும் பண்ணுவதில்லை, அதுவே அலறும் என்றார் தாழ்ந்த குரலில். அதை யார் அப்படி வைத்தது என்று கேட்டார் பெலிண்டா. தானேதான் என்றார் ரத்தினவேல்.

இத்தனை வருஷமாக ஆபீஸ், ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டு எழுந்து ஓடினாரே, அந்த ஆபீஸ் அவரேதான். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. தானே தனக்கு மணியடித்து, தானே எழுந்து, யாரும் பார்க்காத ஒரு திரையைத் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டு, காய்ந்த கையோடு வந்து காலி மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒவ்வொரு இலையாக அவருக்கு நினைவு வந்தது. மச்சான் கல்யாணத்து இலை. அக்கா மகள் சீமந்தத்து இலை. உப்பிலியபுரத்துத் தண்ணீர்த் தொட்டி. அவமானமாக இருந்தது. யார்மேலாவது கோபப்படலாம் என்று பார்த்தால் அறையில் அதற்குத் தோதான ஆள் தன்னைத் தவிர யாரும் இல்லை. சிரிப்புக்கூட வந்தது, ஆனால் பக்கத்தில் முதலாளி இருந்தார்.

பெலிண்டா சாதாரணமாக, காய்கறி விலை சொல்வதுபோல, மிச்சத்தையும் சொல்லி முடித்தார். கணக்கு மெஷினுக்குள்ளேயே இருக்கட்டும். பஸ் ஷெட்டுக்கு வந்து நின்றபிறகு ஒரேயடியாக அனுப்பட்டும். அந்த நேரத்தில் டவரும் சும்மா இருக்கும், சர்வரும் சும்மா இருக்கும். புதிதாக எதுவும் வாங்கவேண்டாம்.

வாங்கவேண்டாம் என்ற சொல் முருகானந்தத்தின் காதில் தேனாகப் பாய்ந்தது. முகமெல்லாம் பல்லாகிவிட்டது. அந்த மலர்ச்சியோடு அவர் அடுத்து ஒன்று சொன்னார்.

"ரொம்ப சந்தோஷம்மா. பிரச்சினையே முடிஞ்சுபோச்சு. அப்ப இதுக்குன்னு தனியா ஒரு ஆளு எதுக்கு?"

பெலிண்டா பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டார். இப்படிப்பட்ட முதலாளிகளை அவர் முன்னமே பார்த்திருப்பார் போலிருக்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் சரியான வழியைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு நடந்துபோகிற ஆளின் நிலைமை ரத்தினவேலுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? அவருடைய சிக்கல் தீர்ந்துவிட்டது. ஆவணியில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம். சைரனை நிறுத்துவதற்கு அவருக்கே தெரியும். பேசாமல் இருந்தால் போதும். முருகானந்தம் மிட்டாய்த் தட்டை அவர் பக்கமாக மெல்ல நகர்த்தினார்.

ரத்தினவேல் தட்டைத் திருப்பித் தள்ளினார்.

"ஆளு வேணுங்க முதலாளி" என்றார். "இத எங்கிட்ட இத்தன வருஷமா யாரும் கேக்கல. எனக்கும் கேக்கத் தோணல. இதத் தீத்துட்டாலும் நான் சும்மா இருக்க மாட்டேன், நாளைக்கே இன்னொண்ணச் செஞ்சு வச்சுக்கிட்டு அதுக்குப் பின்னால ஓடுவேன். இது எதுக்குடான்னு கேக்க எனக்கு மேல ஒருத்தர் வேணும். அவங்க இல்லன்னா நானும் இல்ல."

முருகானந்தத்துக்கு இது மிரட்டலா கெஞ்சலா என்று பிடிபடவில்லை. ரத்தினவேலுக்கும் அது பிடிபடவில்லை. ஆனால் அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாத மனிதர் மிட்டாய்த் தட்டையே தள்ளிவிட்டதை முதலாளி கவனித்துவிட்டார். பெரிய சர்வர் வாங்குவதற்கு ஆகிற செலவையும் ஒரு ஆளுக்குக் கொடுக்கிற சம்பளத்தையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார், சம்பளம்தான் லாபம். ஆடியில் எதையும் தொடங்கவேண்டாம், ஆவணி முதல் தேதி வந்து சேர்ந்துகொள்ளம்மா என்றார். பெலிண்டா தட்டிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சொன்ன தேதியில் வந்து சேர்ந்தார், சொன்னபடி செய்தார். சைரனை மட்டும் ரத்தினவேல் கையாலேயே எடுக்க வைத்தார். எடுத்த அன்றைக்கு இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. போன் கெட்டுப்போய்விட்டதோ என்று ரஞ்சனியை அடுத்த அறையிலிருந்து கூப்பிடச் சொல்லிச் சோதித்துப் பார்த்தார்.

கல்யாணம் ஸ்ரீரங்கத்திலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. பெரிய முகூர்த்தம். பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழிந்தன. சம்பந்தி விருந்தில் அன்புச்செல்வன் பக்கத்தில் ரத்தினவேல் உட்கார்ந்தார். சாம்பார் வந்தது. சொந்தபந்தமெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அவர் கை பழக்கதோஷத்தில் இரண்டுமுறை சட்டைப்பைக்குப் போனது, இரண்டுமுறையும் அன்புச்செல்வன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். போன் சும்மாவே இருந்தது. ரசம் வந்தது. ரசத்துக்குப் பிறகு பாயசம் வந்தது, பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போடவேண்டும் என்று பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஜாங்கிரி வந்தது, இன்னொன்று கேட்டு வாங்கினார். கடைசியில் மோர் ஊற்றினார்கள். இத்தனை நாள் இதையெல்லாம் விட்டுவிட்டு ஓடியிருக்கிறோமே என்று அவருக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த நாளில் ஒரு தகப்பன் எவ்வளவு சந்தோஷப்படலாமோ அவ்வளவும் பட்டார், ஊறுகாய்வரை வழித்துச் சாப்பிட்டார். அன்புச்செல்வன் முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தார்.

சாப்பிட்டு முடித்து எல்லாரும் இலையை மடித்தார்கள். ரத்தினவேல் மட்டும் கையை இலைமேல் வைத்துக்கொண்டு விழித்தார். இலையை எந்தப் பக்கமாக மடிப்பது? நல்ல காரியத்துக்கு ஒரு பக்கம், துக்க வீட்டுக்கு ஒரு பக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறார். எதற்கு எது என்று தெரியாது. வாழ்க்கையில் ஒரு இலையையும் அவர் மடித்ததில்லை. எதிர்ப்பக்கமாக லேசாகத் தூக்கினார். அன்புச்செல்வனின் சிரிப்பு நின்றது.

பின்னாலிருந்து ரஞ்சனி குனிந்தாள்.

"உங்க பக்கமா மடிங்க" என்று காதோடு சொன்னாள்.

மடித்தார். மடித்த இலையைத் தடவிக்கொண்டு, எழுந்திருக்க மனம் வராமல், அடுத்து ஏதாவது வருமா என்பதுபோல அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்கு ஒரு குடும்பமே நின்றுகொண்டிருந்தது.

"போதுங்க, எந்திரிங்க" என்றாள் ரஞ்சனி. "பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."